உஷார்! செருகியே கிடக்கும் பேக்கப் கைகொடுக்காது

காலை எட்டரை மணிக்கு போன் வந்தது. "தம்பி, டேலி திறக்கமாட்டேங்குதுங்க. ஃபைல் பேரெல்லாம் வால் மொளச்ச மாதிரி இருக்குதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

பேசியவர் திருப்பூரில் முப்பது மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட்டின் முதலாளி. நான் இந்த ஊரில் கடைகளுக்கும் சின்ன கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவன். வால் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "நெட் ஒயரை உடனே பிடுங்கிருங்கண்ணா, வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பயந்தபடியேதான் இருந்தது. கணக்கு ஃபைல்கள், டெலிவரி சலான்கள், பார்ட்டிகள் அனுப்பிய அளவுப் பட்டியல்கள், தொழிலாளர் சம்பளக் கணக்கு, மகள் கல்யாணப் படங்கள் என்று ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு சீட்டு. 980 டாலர் கொடுத்தால் பூட்டைத் திறக்கச் சாவி தருவோம், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர் என்று அதில் எழுதியிருந்தது.

அவர் கலங்கவில்லை. சிபியு பெட்டியின் தலையில் டேப் போட்டு ஒட்டியிருந்த கறுப்பு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் காட்டி, "அதுல பேக்கப் இருக்குதுங்களே தம்பி, எடுத்துப் போட்டுருங்க" என்றார். மூன்று வருடமாக அது அங்கேயே, செருகியபடியே இருந்தது. தினமும் ராத்திரி தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும்படி யாரோ பொறுப்பாகத்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரி வேலைக்கென்றே நான் தனியாக வைத்திருக்கும் லேப்டாப்பில் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே வால், அதே சீட்டு. ஆறு வருடக் கணக்கு. அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

உங்கள் மேசையை ஒருமுறை பாருங்கள். பேக்கப் டிஸ்க் இந்த நிமிடமும் கம்ப்யூட்டரில் செருகியே இருக்கிறதா? எழுந்து போய், முறையாக இஜெக்ட் கொடுத்துக் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். அவ்வளவு அவசரம் இது.

எப்படி உள்ளே வந்தது?

முந்தின நாள் சாயங்காலம், பேட்டர்ன் வரைகிற ஒரு மென்பொருளுக்கு அங்கே வேலை பார்க்கும் பையன் 'கிராக்' தேடி இறக்கியிருக்கிறான். ஆண்டிவைரஸ் தடுத்திருக்கிறது. கிராக் என்றால் ஆண்டிவைரஸ் கத்தத்தான் செய்யும், அதை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும் என்று இறக்கிய இடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மென்பொருளை அப்படித்தான் பழகியிருக்கிறோம். காசு கொடுத்து வாங்குகிற பழக்கத்தை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

வந்தது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்களில் 'ஸ்டாப் ஜாவு' என்று அழைக்கப்படும் வகையறா. பெரிய நிறுவனங்களைக் குறிவைக்கிற கூட்டம் அல்ல இது. வீட்டுக் கம்ப்யூட்டரையும் சின்னக் கடையையும்தான் பிடிக்கும். கிராக், கீஜென், இலவச ஆக்டிவேட்டர் இவற்றுக்குள் ஒளிந்துதான் பரவும். நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மை யார் தாக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். நீங்கள் யார் என்று அதற்குத் தெரியவே வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்ததும் அது செய்கிற வேலை எளிமையானது. கம்ப்யூட்டருக்குக் கண்ணில் தெரிகிற எல்லா டிரைவையும் வரிசையாகப் பார்க்கும். சி, டி, இ, எஃப் என்று எதற்கெல்லாம் எழுத்து இருக்கிறதோ அதற்கெல்லாம் போகும். நீங்கள் டபுள் கிளிக் செய்து திறக்க முடிகிற ஃபைல் எதுவானாலும் அதனாலும் திறக்க முடியும், பூட்டவும் முடியும். விண்டோஸ் தனக்குள் ரகசியமாக எடுத்து வைத்திருக்கும் 'ஷேடோ காப்பி' நகல்களையும் இப்படிப்பட்ட நிரல்கள் முதல் வேலையாகத் துடைத்துவிடும். டேப் போட்டு ஒட்டிய டிஸ்க்குக்கு அன்றைக்கு எழுத்து 'எஃப்'. கழற்றி பீரோவில் வைத்திருந்தால் எழுத்தே இருந்திருக்காது.

கானாவில் ஒரு கரண்ட் கட்

நகலை ஒயரிலேயே வைத்திருப்பது சின்னவர்கள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்ற நாசகார நிரல் உக்ரைனில் கிளம்பியது. வந்த வழியைக் கேளுங்கள்: அந்த நாட்டில் பெரும்பாலான கம்பெனிகள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய மென்பொருளின் அப்டேட் வழியாக. அதில் சிக்கியவர்களில் ஒன்று டென்மார்க்கின் மெர்ஸ்க், அன்றைக்கு உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனம். மும்பை நவசேவா துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையம் உட்பட பல நாடுகளில் வேலை ஸ்தம்பித்தது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அவர்களின் தலைவரே பிறகு சொன்னார்.

அவர்களிடம் பேக்கப் இல்லாமலில்லை. ஆனால் யார் யார் ஊழியர், எவர் எந்தக் கம்ப்யூட்டருக்குள் போகலாம் என்ற முழு வரைபடத்தையும் வைத்திருக்கும் தலைமை சர்வர்களுக்கு மட்டும் தனி நகல் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட சர்வர்கள் உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கொன்று இணைந்து, ஒன்றில் மாறுவது மற்றதிலும் மாறும்படி இருந்ததால், ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று நம்பினார்கள். அத்தனையும் சேர்ந்தே அழிந்தன. ஒன்றே ஒன்று பிழைத்தது. ஆப்பிரிக்காவின் கானாவில் இருந்த சர்வர். அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது, அதனால் அது நெட்வொர்க்கில் இல்லை. அதிலிருந்த தகவலை இணையம் வழியாக அனுப்ப வேகம் போதாமல், ஊழியர் ஒருவர் நைஜீரியா வரை விமானத்தில் கொண்டுவந்து கொடுக்க, இன்னொருவர் அங்கிருந்து லண்டனுக்கு எடுத்துப் போனார். ஒரு ஹார்டு டிஸ்க். அதை வைத்துத்தான் அந்த சாம்ராஜ்யம் எழுந்து நின்றது.

நூற்றைம்பது நகல்கள் ஒயரில் இருந்தன, அத்தனையும் போயின. ஒயரை விட்டு விலகி இருந்த ஒன்று நின்றது. அது விலகி இருந்ததும் யாருடைய புத்திசாலித்தனத்தாலும் அல்ல, மின்வெட்டால். நமக்கும் அப்படி ஒரு மின்வெட்டு அதே நேரத்தில் வாய்க்குமா?

நம் நாட்டிலேயே 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் இப்படிப் பூட்டப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் தகவல். நோயாளிப் பதிவு, ரிப்போர்ட், பில் எல்லாம் நாட்கணக்கில் காகிதத்தில் ஓடின. மீண்டது எப்படி என்றால், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தரவை எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த ஒரு சர்வருக்குத் தாக்குதல் எட்டாமல் போனது என்பதுதான் முழுக் கதையும்.

பேக்கப் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பவை

கடை கடையாகப் போகும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "பேக்கப் எங்கண்ணா இருக்கு?" என்பது. பதில் உடனே வரும். அந்தப் பதில்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"டி டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேன்." அதிகம் கேட்பது இதுதான். சி, டி இரண்டும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். வீடு இடிந்தால் இரண்டு அறையும் சேர்ந்துதான் இடியும். விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்யும் சமயத்தில் டி டிரைவ் தப்பிக்கும் என்பது உண்மை. அந்த ஒரு அனுபவத்தை வைத்துத்தான் எல்லாவற்றுக்கும் அதை நம்புகிறோம். டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்கள் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. சர்வீஸ் பையன், "ஃபார்மட் பண்ணிரலாமாண்ணா?" என்று கேட்பான். அவசரத்தில், "பண்ணிருப்பா" என்போம். அந்த ஒரு வார்த்தையில் போன படங்களும் பில்களும் எத்தனை!

முன்பெல்லாம் தெரியாமல் அழித்ததை ரெகவரி மென்பொருள் போட்டு ஓரளவு மீட்டுக் கொடுத்தோம். இப்போது லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி வந்துவிட்டது. அழித்த ஃபைலின் இடத்தை அது தானாகவே பின்னணியில் சுத்தம் செய்துவிடும். வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. அழித்தது பெரும்பாலும் அழிந்ததுதான். எங்களிடம் கொண்டு வந்தாலும் கை விரிக்கத்தான் முடியும்.

"கூகுள் டிரைவ்ல தானா ஏறிரும்." ஏறும். நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ஃபைல் பூட்டப்பட்டால் பூட்டிய ஃபைல்தான் மேலே போய் உட்காரும். இது ஒத்திசைவு, இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் அதன் வேலை. குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பழைய வடிவங்களும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் ஒரு ஃபைல் காணோம் என்பது எப்போது தெரிகிறது நமக்கு? ஆடிட்டர் கேட்கும்போது. அதற்குள் 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும். மேகத்தில் ஒரு நகல் வைத்திருப்பது நல்லது, நானே வைத்திருக்கிறேன். அதை மட்டுமே நம்புவதுதான் பயம். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கம்ப்யூட்டர் செயலியில் வந்த கோளாறால் சிலருக்குப் பல மாத ஃபைல்கள் காணாமல் போனது போலாகி, கூகுளே மீட்புக் கருவி வெளியிட வேண்டி வந்தது. 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி கூகுள் கிளவுட்டில் வைத்திருந்த தனி மேகம் ஒரு அமைப்புத் தவறால் அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பு விவரம்! வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் நகல் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

"பென் டிரைவ்ல இருக்கு." எந்தப் பென் டிரைவ், எங்கே வாங்கியது? இரண்டு டெராபைட் என்று எழுதி, மிகச் சல்லிசான விலையில் விற்கிறார்களே, அதற்குள் 32 ஜிபி சிப்தான் இருக்கும். கம்ப்யூட்டரிடம் தன் அளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதற்குள் எழுதியிருப்பார்கள். நீங்கள் காப்பி செய்யச் செய்ய எல்லாம் ஏறுகிற மாதிரிதான் காட்டும். 32 ஜிபி தாண்டியதும் பழையதின் மேலேயே புதியது எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. ஃபைல் பெயர்கள் வரிசையாக நிற்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. நல்ல பென் டிரைவே ஆனாலும், மின்னூட்டமாகத் தகவலைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் அது. வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் சூட்டில் கிடந்தால் கசிந்துவிடும். எஸ்எஸ்டிக்கும் இதே கதிதான். ஆயுள் தேய்ந்த நிலையில் இருக்கும் சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி சூட்டில் ஒரு வருடம் தகவலைத் தாங்கினால் போதும் என்பதுதான் அந்தத் தொழிலின் தர அளவு. நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். நீண்டநாள் வைத்திருக்க, சுழலும் தட்டு உள்ள பழைய பாணி ஹார்டு டிஸ்க்கே மேல். அதையும் வருடத்துக்கு இரண்டு முறையாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் வசதியானவர்கள் நெட்வொர்க்கில் இணைக்கும் 'நாஸ்' என்ற சேமிப்புப் பெட்டி வாங்கி வைக்கிறார்கள். உள்ளே இரண்டு டிஸ்க், ஒன்று போனால் இன்னொன்று. டிஸ்க் பழுதுக்கு அது நல்ல காப்பு; அழித்தலுக்கும் பூட்டுதலுக்கும் அது காப்பே ஆகாது, ஏனென்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் ஒரே காரியம் நடக்கும். அந்தப் பெட்டியை வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று நேராக இணையத்தில் திறந்து விடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற கூட்டம் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை அப்படித்தான் வாசல் வழியாகவே வந்து பூட்டி, பெட்டிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய வருடம் ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய 'மை புக் லைவ்' வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது டிஸ்க் காலியாக இருந்தது. அந்த மாடலுக்கு 2015க்குப் பிறகு அப்டேட்டே வரவில்லை.

தண்ணீரும் தீயும்

இதுவரை சொன்னது திருடர்களைப் பற்றி. நகல் அத்தனையும் ஒரே கட்டடத்தில் இருந்தால் திருடனே வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. மேசைக்கடியில் சிபியு, மேசை டிராயரில் பேக்கப் டிஸ்க், அலமாரியின் கீழ்த்தட்டில் பில் புத்தகம். மூன்றும் ஒரே தண்ணீரில். அப்படி நனைந்த டிஸ்க் உங்களிடம் வந்தால் தயவுசெய்து வெயிலில் காய வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், எக்காரணம் கொண்டும் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் சுழலவிட்டால் தட்டு கீறிப்போகும். ஈரத்தோடேயே ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ரெகவரி செய்யும் லேபுக்குக் கொண்டு போங்கள். 'டிக், டிக்' என்று சத்தம் போடும் டிஸ்க்குக்கும் இதுதான் விதி: உடனே அணையுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று போடும் அந்தத் தடவையில்தான் மீதியும் போகும்.

தீக்கு தென் கொரியாவைச் சொல்ல வேண்டும். தொழில்நுட்பத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில், யுபிஎஸ்-க்கான லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அவற்றில் பலவற்றை மெல்ல மீட்டார்கள். 'ஜி-டிரைவ்' என்று அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஆவணங்களைச் சேமித்து வந்த கிடங்கை மீட்க முடியவில்லை. 858 டெராபைட். அளவு பெரிது என்று அதற்கு வெளியே நகலே எடுக்கவில்லை. ஆவணங்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்ததுதான் கொடுமை. சொன்னபடி கேட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

திறந்து பார்த்தீர்களா?

நகல் தனியாகவும் இருக்கிறது, வேறு இடத்திலும் இருக்கிறது. சரி, அது திறக்கிறதா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு வேலையின் களைப்பில், தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம் அது. பேக்கப் முறைகள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால் ஒன்று ஓடவே இல்லை, ஒன்று அமைக்கப்படவே இல்லை, ஒன்றின் நகல் கிடங்கு காலி. மென்பொருள் பதிப்பு மாறியதால் பேக்கப் தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி என்று வந்த மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைக்காக எடுத்திருந்த ஒரு நகல் கிடைத்தது, அதில் பிழைத்தார்கள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் வெளியில் சொன்னார்கள் என்பதால்தான் நமக்கும் தெரிகிறது. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

என் ஊரிலும் இதையே பார்க்கிறேன். பேக்கப் ஃபோல்டர் திறந்தால் கடைசித் தேதி ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. டிஸ்க் நிறைந்துவிட்டது, அன்றோடு நின்றுவிட்டது. ஒரு மூலையில் சின்னதாக எச்சரிக்கை வந்துகொண்டே இருந்திருக்கிறது, மூடிவிட்டு பில் போட்டிருக்கிறார்கள்.

மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றையும் போன வருடத்து பில் ஒன்றையும் திறந்து பாருங்கள். டேலி என்றால் ரெஸ்டோர் கொடுக்கும்போது ஒன்று கவனம்: நடப்புக் கணக்கு இருக்கும் அதே ஃபோல்டரைக் காட்டிவிடாதீர்கள். பழைய நகல் இன்றையக் கணக்கின் மேல் ஏறி, நேற்றுவரை போட்டதை விழுங்கிவிடும். சோதனை என்று புது ஃபோல்டர் போட்டு அங்கே இறக்குங்கள்.

என்ன செய்ய வேண்டும்

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதிகள், இரண்டு வேறுவேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். படம் போனால் தொழிலே போகிற ஒருவர் சொன்னது என்பதால் கல்யாண ஸ்டுடியோக்காரர்களிடம் இதை நான் விடாமல் சொல்வேன். மெமரி கார்டைக் காலி செய்வதற்கு முன் இரண்டு டிஸ்க்கில் ஏறியிருக்க வேண்டும். தாலி கட்டிய நிமிடத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

கடைக்கு நான் அமைத்துக் கொடுப்பது இதுதான். எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு, நல்ல கடையில் பில்லோடு. ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், இன்னொன்றில் பச்சை. இந்த வாரம் சிவப்பு கடையில், பச்சை வீட்டில். சாயங்காலம் கணக்கை மூடியதும் செருகுங்கள், நகல் எடுங்கள், கழற்றுங்கள், பூட்டுங்கள். ஐந்து நிமிடம். வெள்ளிக்கிழமை இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஒரே பெயரில் மேல் மேல் எழுதாமல் தேதி போட்ட ஃபோல்டராக எடுங்கள். இன்றைக்குப் பூட்டப்பட்டது நேற்றையதின் மேல் ஏறிவிடக் கூடாது. கூடவே ஒரு மேக நகலும் இருக்கட்டும். வீடு கடைக்கு மேல்மாடியிலேயே இருந்தால் டிஸ்க் தங்கை வீட்டுக்கோ மாமனார் வீட்டுக்கோ போகட்டும்.

டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் தொழிலாளியின் வங்கிக் கணக்கும் அதில் இருக்கின்றன. பேருந்தில் தவறவிட்டால் அவர்கள்தான் மாட்டுவார்கள். அந்தக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி நகைப் பெட்டியில் வையுங்கள். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். லேப்டாப் வாங்கிய அன்று அமைத்துக் கொடுத்தவர் யாருடைய மின்னஞ்சலைப் போட்டார்? அவருடையதாக இருந்தால் உங்கள் தரவின் சாவி அவரிடம் இருக்கிறது. இன்றைக்கே பார்த்து, அந்த 48 இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் காத்திருக்கிறது. ஜிஎஸ்டியில் கணக்குகளை ஆண்டுப் படிவத்தின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25க்கான கெடு 2025 டிசம்பர் 31 என்பதால், அந்த வருடக் கணக்கு 2031 டிசம்பர் வரை உங்கள் கையில் இருந்தாக வேண்டும். பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருந்தால், கணக்குப் புத்தகத்தின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே விதி வந்துவிட்டது. வைரஸ் வந்து போய்விட்டது என்று அதிகாரியிடம் சொல்லி நிற்கிற நிலை உங்களுக்கு வர வேண்டாம். உலக பேக்கப் தினம் மார்ச் 31. நமக்கு வருடக் கணக்கு முடிக்கிற அதே நாள். அன்று எடுக்கும் நகலை மட்டும் தனி டிஸ்க்கில் போட்டு, பிறகு எதுவும் எழுதாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் இருக்கும் படங்கள் கூகுள் போட்டோஸில் பத்திரம் என்று இருக்கிறீர்கள். இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை அழிக்கலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் விதி இருக்கிறது. காலமான அப்பாவின் கணக்கில் அவர் எடுத்த படங்கள் கிடக்கின்றன, அவருடைய சிம்மையும் சரண்டர் செய்துவிட்டோம், ஓடிபி எங்கே வரும்? வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளாமல், அந்தக் கணக்கில் உங்களால் நுழைய முடியும்போதே படங்களை இறக்கி டிஸ்க்கில் வையுங்கள்.

ஏற்கெனவே வால் முளைத்திருந்தால்

முதலில் நெட் ஒயர், வைஃபை இரண்டையும் துண்டியுங்கள். பதறிப்போய் பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து அதே கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். மிச்சமிருக்கும் ஒரே நகலும் அப்படித்தான் போகிறது. சீட்டை போட்டோ எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் சொல்லுங்கள். பணம் கட்டாதீர்கள். கட்டியும் சாவி வராதவர்கள் உண்டு. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது, அங்கே முதலில் பாருங்கள். இணையத்தில், "எங்களால் திறக்க முடியும்" என்று வருகிற தனி ஆட்களில் பலர் இரண்டாவது திருடர்கள்.

திருப்பூர் அண்ணாவின் கதை: ஆடிட்டரிடம் இருந்த மார்ச் மாத நகல், ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய படிவங்கள், பார்ட்டிகளிடம் கெஞ்சி வாங்கிய பில் நகல்கள் இவற்றை வைத்து இரண்டு மாதம் ராத்திரி பகலாகத் தட்டி, கணக்கை ஓரளவு நிமிர்த்தினார்கள். மகள் கல்யாணப் படங்களை நிமிர்த்த வழியில்லை. எடுத்த ஸ்டுடியோக்காரரும் அழித்துவிட்டிருந்தார்.

பூட்டிய அந்த டிஸ்க்கை அவர் தூக்கிப் போடப் பார்த்தார். நான்தான் விடவில்லை. இதே வகையறாவின் பழைய வடிவங்களுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இலவசச் சாவி வெளியிட்டு, அதுவரை ஃபைல்களை அழிக்காமல் வைத்திருந்தவர்களில் பலர் திரும்பப் பெற்றார்கள். புதிய வடிவங்களிலும், தாக்கிய நேரத்தில் அந்த நிரலுக்கு அதன் சர்வரோடு தொடர்பு கிடைக்காமல் போயிருந்தால், பொதுவான ஒரு சாவியைக் கொண்டுதான் பூட்டியிருக்கும்; அப்படிப்பட்டவை என்றைக்காவது திறக்க வாய்ப்பு உண்டு. அவருடையது எந்த வகை என்று சோதித்துப் பார்த்தேன். அவருக்கென்றே உண்டாக்கிய தனிச் சாவி. ஆனாலும் டிஸ்க் அவர் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மாதம் பேக்கப் சோதிக்கப் போகும்போதெல்லாம் அவர் மனைவி, "அதுக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா தம்பி?" என்று கேட்கிறார்.